ரோலரில் சைக்கிள் ஓட்டப் பழகுவது: கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்லும் பதில்கள்

சென்னையில் இருக்கிறேன், ஞாயிறு காலையில் ஈ.சி.ஆர். பக்கம் ஓட்டுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொடர்ந்து மூன்று வாரம் வண்டியை வெளியே எடுக்க முடியாமல் போன ஒரு வருஷம்தான் ரோலர் வாங்கினேன். அப்புறம் கூட ஓட்டுகிறவர்கள் ஏழெட்டுப் பேருக்கு எங்கள் வீட்டு நடையில் வைத்தே பழக்கிவிட்டிருக்கிறேன். எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள், எல்லோரும் செய்வதும் கிட்டத்தட்ட ஒரே தப்புகள். இரண்டாவது மூன்றாவது நாளில் "இது நமக்கு வராது" என்று மூட்டை கட்டி பரணில் ஏற்றிவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

ரோலர் என்றால் என்ன? வீட்டில் வைத்து ஓட்டும் டிரெயினரும் இதுவும் ஒன்றுதானே?

ஒன்றில்லை. சாதாரண டிரெயினரில் பின் சக்கரத்தின் அச்சை இரும்புச் சட்டத்தில் பூட்டிவிடுவார்கள், அல்லது பின் சக்கரத்தையே கழற்றிவிட்டு வண்டியை மாட்டுவார்கள். நீங்கள் தூங்கினாலும் வண்டி நிற்கும். ரோலரில் எதையும் எதோடும் பூட்டுவதில்லை. ஒரு நீளச் சட்டத்தில் மூன்று உருளைகள், பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று. பின் சக்கரம் அந்த இரண்டு உருளைகளுக்கு நடுவில் உட்காரும், முன் சக்கரம் முன்னுருளையின் மேல் நிற்கும். பின்னுருளைகளில் ஒன்றையும் முன்னுருளையையும் ஒரு ரப்பர் பெல்ட் இணைக்கும். நீங்கள் மிதித்தால் பின் சக்கரம் உருளையைச் சுற்றும், உருளை பெல்ட்டைச் சுற்றும், பெல்ட் முன்னுருளையைச் சுற்றும், அதனால் முன் சக்கரமும் அதே வேகத்தில் சுழலும். வண்டி நிமிர்ந்து நிற்பது முழுக்க முழுக்க உங்கள் பொறுப்பு.

எனக்குத்தான் இருபது வருஷமாக சைக்கிள் ஓட்டத் தெரியுமே, இது எதற்கு?

ரோடு நிறைய மன்னிக்கும். நாம் நேராகப் போவதாக நினைத்துக்கொண்டு ஒரு அடி இந்தப் பக்கம் ஒரு அடி அந்தப் பக்கம் அலைந்துகொண்டே போகிறோம், ரோடு அகலம் என்பதால் தெரிவதில்லை. மிதிப்பதும் அப்படித்தான், ஒவ்வொரு காலும் மேலிருந்து கீழே ஒரு குத்து குத்தும், அந்தக் குத்தை வண்டியின் வேகம் விழுங்கிவிடும். உருளையின் அகலம் சுமார் 38 செண்டிமீட்டர், ஒன்றரை அடி கூட இல்லை, அதற்குள்தான் நீங்கள் இருந்தாக வேண்டும். கால் குத்தினால் உடனே வண்டி துள்ளும், தோள் இறுகினால் உடனே ஹேண்டில் ஆடும். ரோட்டில் பல வருஷம் ஓட்டியும் யாரும் சொல்லித்தராத குறைகளை இது பத்து நிமிஷத்தில் காட்டிவிடும். எனக்கு வலது கால் இடது காலைவிட முரட்டுத்தனமாக மிதிக்கிறது என்பது ரோலரில் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

மழை, வெயில், லாரி, நாய் எதுவும் இல்லாமல் அரைமணி நேரம் ஓட்டலாம் என்பதும் உண்மைதான். ஆனால் அதற்கு மட்டும் என்றால் பூட்டுகிற டிரெயினரே போதும்.

கேட்க வெட்கமாக இருக்கிறது. வண்டி உருளையை விட்டு நழுவினால் நேரே பாய்ந்து சுவரில் மோதிவிடாதா?

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லோருக்கும் முதலில் வரும் பயம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரோட்டில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நகர்வது நீங்களும் வண்டியும் சேர்த்து ஒரு 80 கிலோ. அந்த எடைக்கும் வேகத்துக்கும் கணக்குப் போட்டால் சுமார் 1,900 ஜூல் ஆற்றல் வரும். ரோலரில் மீட்டர் அதே 25 காட்டினாலும் நீங்கள் அறையின் நடுவில் அசையாமல் இருக்கிறீர்கள். சுழல்வது சக்கரங்களின் விளிம்பும் டயரும், மூன்று உருளைகளும் மட்டுமே. கனமான சுழல்தட்டு இணைக்காத சாதாரண ரோலரில் அதில் சேர்ந்திருக்கும் ஆற்றல் முன்னதில் பத்தில் ஒரு பங்கைத் தொடுவதே கஷ்டம்.

நழுவித் தரையில் விழும்போது அதிலும் உங்களோடு வருவது சக்கரங்களில் உள்ளது மட்டும்தான், உருளைகள் சட்டத்திலேயே தங்கிவிடும். விளிம்பும் டயரும் சேர்ந்த இரண்டரைக் கிலோவின் சுழற்சி எண்பது கிலோவை எவ்வளவு தூரம் தள்ளிவிட முடியும்? மிதிப்பதை நிறுத்திவிட்டால் வண்டிக்குக் கிடைக்கும் முன்வேகம் மணிக்கு ஒரு கிலோமீட்டர்கூட வராது. டயர் தரையில் 'கிரீச்' என்று ஒரு சத்தம் போடும், அவ்வளவுதான். பயத்தில் தொடர்ந்து மிதித்தால் மட்டும் முன்னால் போகும், அதனால் முதல் பாடமே இதுதான்: நழுவினால் காலை நிறுத்து.

உண்மையான ஆபத்து பக்கவாட்டில் சாய்வது. உருளையின் மேல் ஏறியதும் சீட் வழக்கத்தைவிட சுமார் 10, 12 செண்டிமீட்டர் உயரத்துக்குப் போய்விடும், காலை ஊன்றினால் தரை எட்டாது. அதனால்தான் பக்கத்தில் சுவரும் காலுக்கு ஒரு முக்காலியும் வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சைக்கிள் விழாமல் நிற்பதே சக்கரம் சுழல்வதால்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அப்படியானால் ரோலரில் ஏன் இவ்வளவு ஆட்டம்?

சுழற்சிக்குப் பங்கு உண்டு, ஆனால் அது மட்டுமே காரணமில்லை. அமெரிக்காவின் கார்னெல், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2011இல் ஒரு வினோதமான வண்டியைச் செய்து காட்டினார்கள். அதில் சக்கரச் சுழற்சியின் விளைவை எதிர்ப்பக்கம் சுழலும் சக்கரங்களை வைத்து ரத்து செய்திருந்தார்கள், முன் ஃபோர்க்கின் சாய்வால் வரும் உதவியையும் எடுத்துவிட்டிருந்தார்கள், அப்படியும் தள்ளிவிட்டால் அது ஆளில்லாமல் தானாகவே நிமிர்ந்து ஓடியது. சைக்கிள் நிற்பதன் அடிப்படை வேறு: எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே முன் சக்கரம் திரும்பி, சரிகிற உடம்புக்கு அடியில் சக்கரங்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. ரோட்டிலும் அதே, ரோலரிலும் அதே. முன் சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும் வரை லேசாகத் திருப்பினால் அது உருளையின் மேல் பக்கவாட்டில் நகரும், நகர்ந்து உங்களைத் தாங்கும்.

அப்படியானால் ஆட்டம் எங்கிருந்து வருகிறது? என் அனுபவத்தில் முக்கியக் காரணம் கண். ரோட்டில் மரமும் கம்பமும் பின்னால் ஓடுவதை வைத்து நாம் எவ்வளவு வேகம் போகிறோம், எந்தப் பக்கம் சாய்கிறோம் என்று மூளை கணக்கு வைத்துக்கொள்கிறது. இங்கே எதிரே ஒரு சுவரும் காலண்டரும் அசையாமல் நிற்கின்றன. கால் 'ஓடுகிறோம்' என்கிறது, கண் 'நிற்கிறோம்' என்கிறது. நம்பிக்கை இல்லாமல் கை ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கிறது, இறுக்கிப் பிடித்த கை சக்கரம் தானாகத் திரும்பிச் சரிசெய்ய வேண்டிய வேலையைத் தடுக்கிறது. ஆட்டம் கூடக் கூட இன்னும் இறுக்குகிறோம். பழகுவது என்பது இந்தச் சுழலை அறுப்பதுதான், புதிதாகக் கற்க வேண்டிய வித்தை என்று தனியாக எதுவும் இல்லை.

என்ன சைக்கிள் வேண்டும்? வீட்டில் இருக்கிற சாதாரண சைக்கிள் ஏறுமா?

வழுவழுப்பான டயர் போட்ட ரோடு பைக் என்றால் சுலபம். ஹைப்ரிட் வண்டியும் பரவாயில்லை. பட்டன் பட்டனாகக் கட்டை வைத்த மலைச் சைக்கிள் டயர் உருளையில் கடகடவென்று அதிரும், சத்தம் தாங்காது, அந்த அதிர்வில் பழகவும் முடியாது. வேண்டுமானால் டயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். பெரிய கறுப்பு சைக்கிளை ஏற்றலாமா என்று ஒருவர் கேட்டார். சட்டத்தின் நீளம் ஒத்துப்போனால் ஏற்றலாம், அந்த வண்டிகளில் இரு சக்கரங்களுக்கும் இடையே உள்ள தூரம் ரோடு பைக்கைவிட அதிகம், ரோடு பைக்கில் அது கிட்டத்தட்ட ஒரு மீட்டர்தான். எந்த வண்டியானாலும் ரிம் கோணல் இல்லாமல் இருக்க வேண்டும். ரோட்டில் தெரியாத கோணல் இங்கே ஒவ்வொரு சுற்றிலும் உங்களைத் தட்டும். ஏறுமுன் ஒருமுறை கடையில் கொடுத்து கோட்டம் எடுத்துவிடுங்கள்.

காற்று குறைவாக இருந்தால் டயர் உருளையில் அமுங்கி மிதிப்பது பாரமாகிவிடும். ரோட்டுக்கு அடிக்கும் அளவை முழுதாக அடியுங்கள். 25 மில்லிமீட்டர் டயர் என்றால் உங்கள் எடைக்கு ஏற்ப 80, 90 பி.எஸ்.ஐ. போதும், டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம்.

முன்னுருளையை எங்கே வைப்பது?

பெரும்பாலான ரோலர்களில் முன்னுருளையை முன்னும் பின்னும் நகர்த்தத் துளைகள் இருக்கும். வண்டியை மேலே வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். முன் சக்கரத்தின் அச்சுக்கு நேர் கீழே, அல்லது அதைவிட ஒரு விரற்கடை முன்னால் உருளையின் அச்சு இருக்க வேண்டும். உருளை பின்னால் தள்ளி இருந்தால் சக்கரம் முன்பக்கமாக இறங்கி ஓடப் பார்க்கும். ரொம்ப முன்னால் போனாலும் முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கிய மாதிரி ஆகிவிடும். பழைய வண்டிக்கு வைத்த அளவிலேயே புது வண்டியை ஏற்றிவிட்டு "இன்றைக்கு ஏனோ சரியாக வரவில்லை" என்று சொல்பவர்கள் நிறைய.

வீட்டில் எந்த இடம் சரி?

நடை. அதாவது இரண்டு பக்கமும் கை நீட்டினால் சுவர் எட்டுகிற குறுகலான இடம். அடுக்கு மாடி வீடுகளில் ஹாலிலிருந்து படுக்கையறைக்குப் போகும் வழி சரியாக இருக்கும். அது இல்லையென்றால் நிலைவாசல், உங்கள் தோள் நிலைக்கு நேராக வரும்படி ரோலரைப் போட்டுக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் வாசலுக்கு மேலேயே பரண் இருக்கும், முக்காலியில் ஏறி நின்று காலைத் தூக்கிப் போடும் அந்த ஒரு நொடியில் தலை அதில் இடிக்கும், முதலிலேயே நின்று பார்த்துவிடுங்கள்.

டைல்ஸ் தரையில் சட்டம் வழுக்கும், அடியில் தடித்த ரப்பர் பாய் போடுங்கள். தரை ஒரு பக்கம் சரிந்திருந்தால் (குளியலறைப் பக்கம் தண்ணீர் ஓட வேண்டும் என்று சரிவு வைத்திருப்பார்கள்) வண்டியும் அந்தப் பக்கமே இழுக்கும்.

சரி, முதல் நாள். எப்படி ஏறுவது?

ரோலரை ஒரு பக்கச் சுவரிலிருந்து முழங்கை மடங்கி உள்ளங்கை படும் தூரத்தில் போடுங்கள். அந்தப் பக்கமே ஒரு உறுதியான மர முக்காலி அல்லது அகலமான பலகை, உயரம் உருளைகளின் மட்டத்துக்கு. பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டவே வேண்டாம். வண்டியை உருளைகளின் நடுவில் வையுங்கள், கியரை முன்கூட்டியே சரியான பல்லில் போட்டுவிடுங்கள், ஏறியபின் மாற்றிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

முக்காலியில் ஏறி, ஒரு கையால் சுவரைத் தொட்டு, பிரேக்கைப் பிடித்தபடி அடுத்த காலைப் போட்டு சீட்டில் உட்காருங்கள். ஒரு பெடல் கீழே இருக்கட்டும், அதில் கால். பிறகு முக்காலியில் இருக்கும் காலையும் பெடலுக்குக் கொண்டுவாருங்கள். இப்போது உங்களைத் தாங்குவது சுவரில் இருக்கும் கை மட்டும். கொஞ்ச நேரம் அப்படியே இருங்கள், மூச்சு விடுங்கள்.

பிரேக்கை விட்டு மிதிக்கத் தொடங்குங்கள். இங்கேதான் எல்லோரும் ஒரு தப்புச் செய்கிறார்கள்: பயந்து பயந்து மெதுவாக மிதிக்கிறார்கள். மெதுவாகப் போனால் ஆடும், ரோட்டிலும் அப்படித்தானே? சுவரில் கை இருக்கும்போதே வேகத்தை ஏற்றுங்கள், 25 கிலோமீட்டராவது வரட்டும். வேகம் வந்ததும் சுவரில் பதிந்திருக்கும் உள்ளங்கை தானாக லேசாகும், உள்ளங்கையை எடுத்துவிட்டு விரல் நுனிகளை மட்டும் வையுங்கள். முதல் நாள் முழுக்க இது மட்டும் போதும். விரல் நுனியைச் சுவரில் வைத்து ஐந்து நிமிஷம், இறங்கி ஓய்வு, மறுபடி ஐந்து நிமிஷம்.

இரண்டாம் நாள் விரலை எடுத்து ஹேண்டிலில் வையுங்கள். மூன்று வினாடி தாங்கும், மறுபடி சுவர். அப்புறம் ஐந்து வினாடி, பத்து வினாடி. பார்வை எதிரே ஏழெட்டு அடி தூரத்தில் தரையும் சுவரும் சேரும் இடத்தில் இருக்கட்டும், நான் அங்கே ஒரு சிவப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். முன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தீர்கள் என்றால் அடுத்த நொடி நழுவுவீர்கள், இதை மட்டும் கல்வெட்டில் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். முழங்கை லேசாக மடங்கி இருக்கட்டும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஹேண்டிலைச் சுற்றி இருந்தால் போதும், மற்ற விரல்களால் பியானோ வாசிப்பதுபோல அவ்வப்போது தட்டிப் பாருங்கள், தட்ட முடிந்தால் கை தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

பக்கத்தில் ஒரு ஆள் நிற்பது நல்லது. அவர் சீட்டுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டால் போதும், ஹேண்டிலைத் தொடவே கூடாது. குரங்குப் பெடல் போட்டுப் பழகிய காலத்தில் அண்ணனோ மாமாவோ கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவருவார்களே, அதே உதவிதான்.

பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளிப் ஷூ போடலாமா?

முதல் வாரம் வேண்டாம். சாதாரண பெடல், சாதாரண ஷூ. உருளைமேல் தைரியம் வந்த பிறகு போடுங்கள், போட்டபின் மிதிப்பது இன்னும் உருண்டையாக வரும். செருப்போடு ஏறாதீர்கள். லுங்கி, துப்பட்டா, தளர்ந்த பேண்ட் எதுவும் செயினுக்கும் பெல்ட்டுக்கும் பக்கத்தில் வரக்கூடாது.

எந்த கியர்?

முன்னால் பெரிய பல்சக்கரம், பின்னால் நடுவில் உள்ள ஒன்று. என் வண்டியில் முன்னால் 50 பல், பின்னால் 17 பல். அதில் நிமிஷத்துக்கு 85 சுற்று மிதித்தால் வேகம் சுமார் 31 கிலோமீட்டர். எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம், ரோட்டில் அந்த வேகத்தில் உங்கள் பலத்தின் பெரும்பகுதி எதிர்க்காற்றுக்கே போகும், இங்கே காற்றே கிடையாது, அதனால் சுலபமாக வரும். ரொம்ப லேசான கியரில் போட்டால் கால் சும்மா பறந்து இடுப்பு துள்ளும், ரொம்பக் கடினமானதில் போட்டால் ஒவ்வொரு மிதியும் வண்டியைப் பக்கத்துக்குத் தள்ளும்.

எவ்வளவு முயன்றாலும் வண்டி இடது ஓரத்துக்கே போகிறது, ஏன்?

மூன்றைப் பாருங்கள். தரை சரிவாக இருக்கிறதா? முன்னுருளை பின்னுருளைகளோடு இணையாக மாட்டியிருக்கிறதா? சில சட்டங்களில் இடது பக்கம் ஒரு துளையிலும் வலது பக்கம் அடுத்த துளையிலும் தெரியாமல் மாட்டிவிடுவது நடக்கும், இப்படி ஒரு முறை நண்பர் ஒருவர் பத்து நாள் பாடுபட்டார். இவை இரண்டும் சரி என்றால் மூன்றாவது நீங்கள்தான். சுவர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் உடம்பு தானாகச் சாயும், ஏனென்றால் அங்கேதான் பாதுகாப்பு என்று மனசுக்குத் தெரியும். ரோலரைத் திருப்பிப் போட்டு சுவர் மறுபக்கம் வரும்படி வைத்து ஓட்டிப் பாருங்கள். ஓரத்துக்குப் போகும்போது ஹேண்டிலைத் திருப்பி மீட்கப் பார்க்காதீர்கள், நடுவில் ஒட்டிய டேப்பைப் பாருங்கள், இடுப்பு மெதுவாக வண்டியை அங்கே கொண்டுபோகும்.

எத்தனை நாளில் வரும்?

நான் பழக்கியவர்களில் பெரும்பாலானோர் நான்கிலிருந்து ஏழு நாளுக்குள் சுவரைத் தொடாமல் இரண்டு நிமிஷம் ஓட்டினார்கள், தினமும் பத்துப் பதினைந்து நிமிஷம்தான். ஒரு சின்னப் பெண், பதின்மூன்று வயது, முதல் நாளே கையை எடுத்துவிட்டாள். எனக்கு ஒன்பது நாள் ஆனது. ஒரே நாளில் இரண்டு மணி நேரம் போராடுவதைவிட பத்து நாள் பத்து நிமிஷம் நல்லது, தூங்கி எழுந்தால் முந்தின நாள் வராதது வரும், இதை நான் ஒவ்வொருவரிடமும் பார்த்துவிட்டேன். மூன்றாம் நாள் மட்டும் எல்லோருக்கும் மோசமாகவே இருக்கும். முதல் நாள் பயத்தில் கவனமாக இருப்போம், மூன்றாம் நாள் கவனம் குறையும், ஒரு முறை நழுவும், மனம் விட்டுப்போகும். நான்காம் நாள் ஏறுங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.

இறங்குவது எப்படி? ஏறுவதைவிட அதுதான் பயமாக இருக்கிறது.

சுவரில் கை பதியும் வரை மிதிப்பதை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் சக்கரம் சில வினாடிகளில் நின்றுவிடும், ரோட்டில் மாதிரி மிதிக்காமலே நீளத்துக்கு உருண்டுகொண்டிருக்க முடியாது, மேலே சொன்ன அந்தக் கணக்குதான் காரணம். ஆகவே வரிசை இது: முதலில் கை சுவருக்கு, பிறகு கால் நிறுத்தம், சக்கரம் நின்றதும் பிரேக், அப்புறம் கால் முக்காலிக்கு. பதற்றத்தில் பிரேக்கை முதலில் பிடித்துவிட்டால் வண்டி டக்கென்று நின்று சாயும்.

பல் மாற்ற முடியாத, மிதிப்பதை நிறுத்தவே முடியாத டிராக் சைக்கிளில் இது இன்னும் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. அதில் சக்கரம் சுழலும் வரை பெடலும் சுழலும், கால்களாலேயே கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

ஓட்டிக்கொண்டே தண்ணீர் குடிக்க முடியுமா? எழுந்து நின்று மிதிக்க முடியுமா?

இரண்டும் முடியும், ஆனால் இரண்டாவது மாதத்துக்கான விஷயம். ஒரு கையை எடுக்கும்போது மற்றக் கையை ஹேண்டிலின் நடுப்பகுதிக்கு, தண்டுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். ஓரத்தில் பிடித்துக்கொண்டு எடுத்தால் அந்தப் பக்கம் இழுக்கும். முதலில் கையை முழங்கால் மேல் வைத்துப் பழகுங்கள், அப்புறம் பாட்டில். குனிந்து பாட்டிலைத் தேடாதீர்கள், கை தடவியே எடுக்கட்டும்.

எழுந்து நிற்பதற்கு இரண்டு கியர் கடினமாக்கி, சுற்றைக் குறைத்து, ஒரு பெடல் உச்சியைத் தாண்டி இறங்கும் நேரத்தில் படி ஏறுவதுபோல மெதுவாக எழ வேண்டும். ரோட்டில் எழும்போது வண்டியை நாம் பின்னால் தள்ளிவிடுகிறோம், முன்னால் ஓட்டுகிறவர் எழுந்ததும் அவர் சக்கரம் நம் மேல் வந்து இடிக்கப் பார்ப்பதற்கு அதுதான் காரணம். ரோலரில் அந்தத் தள்ளலை அப்பட்டமாகப் பார்க்கலாம். இதைச் சரிசெய்து கொண்டவர்கள் பின்னால் ஓட்டுவது ரொம்ப நிம்மதி.

வேர்வை?

கொட்டும். எதிர்க்காற்று இல்லாததால் உடம்பு ஆறவே ஆறாது, சென்னை ஈரக்காற்றில் இன்னும் மோசம். ஒரு நல்ல மேசை விசிறி முகத்துக்கு நேராக இல்லாமல் ஓட்டாதீர்கள், கரண்ட் போய்விட்டால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள். ஹேண்டில் தண்டின் மேல் ஒரு துண்டு போடுங்கள், அந்த இடத்து போல்ட்டுகளை உப்புநீர் அரித்துவிடும். வேர்வை சொட்டி ஈரமான உருளையில் டயர் வழுக்கும், அவ்வப்போது துடையுங்கள்.

உட்காரும் இடம் பதினைந்து நிமிஷத்தில் மரத்துப்போகிறது.

ரோட்டில் மேடு பள்ளம் வரும்போது நாம் அறியாமலே எழுந்து எழுந்து உட்காருகிறோம். இங்கே அது இல்லை, எடை முழுக்க ஒரே இடத்தில். எழுந்து மிதிக்கப் பழகும் வரை பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இறங்கிவிடுங்கள்.

இதில் உடற்பயிற்சி ஆகுமா, வெறும் வித்தையா?

ஆகும், ஆனால் எந்த ரோலர் என்பதைப் பொறுத்தது. உருளை சிறியதானால் டயர் அதிகம் மடங்கும், மிதிப்பது பாரமாகும். உருளை பெரியதானால் லேசாகச் சுழலும். நான்கரை அங்குல உருளையில் நிதானமாக ஒரு மணி நேரம் ஓட்டலாம், இரண்டேகால் அங்குலத்தில் மூச்சு வாங்கும். சிலவற்றில் காந்தம் வைத்துப் பாரத்தைக் கூட்டும் வசதி உண்டு. மலை ஏறுவதற்கான பலத்தை வளர்க்க வேண்டும் என்றால் பூட்டுகிற டிரெயினர்தான் வசதி. ஓட்டத்துக்கு முன் உடம்பைச் சூடேற்றவும், களைத்த மறுநாள் காலைத் தளர்த்தவும், வேகமாகச் சுற்றி மிதிக்கப் பழகவும் ரோலரை மிஞ்சியது இல்லை. உலகில் எந்த வெலோட்ரோமுக்கு (சைக்கிள் பந்தயத்துக்கென்று கட்டிய வளையப் பாதை அரங்கம்) போனாலும், நம் டெல்லியில் 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டியதைப் போன்ற மரத் தளம் உள்ளவற்றில், பாதையின் நடுவே வீரர்கள் வரிசையாக ரோலரில் சூடேற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

ரோலர் புதுக் கண்டுபிடிப்பா?

நூற்றிருபது வருஷத்துக்கு மேல் பழசு. மேஜர் டெய்லர் என்ற கறுப்பின அமெரிக்க வீரர் 1899இல் மாண்ட்ரியலில் உலக சாம்பியன் ஆனவர், அந்தக் காலத்து நிறவெறியால் சொந்த நாட்டிலேயே பல போட்டிகளில் அவரை ஓடவிடாமல் தடுத்தார்கள். அதே 1899 ஜூன் 30 அன்று சார்லஸ் மர்ஃபி என்பவர் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் ஒரு ரயில் பெட்டியின் பின்னாலேயே எதிர்க்காற்று படாமல் ஒட்டி ஓட்டி ஒரு மைலை 57.8 வினாடியில் கடந்தார். இந்த இருவரும் பிறகு மாசசூசெட்ஸ் நாடக அரங்குகளில் மேடைமேல் ரோலர் வைத்துப் போட்டி போட்டிருக்கிறார்கள், ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்திருக்கிறார்கள். அசையாத இரண்டு சைக்கிள்கள் ஒன்றையொன்று முந்துவதை மக்கள் எழுந்து நின்று பார்த்த காட்சியை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும்.

புதிதாகப் பழக எதை வாங்குவது? லேத் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளலாமா?

நடுவில் குறுகி ஓரத்தில் பருத்த உருளைகள் கிடைக்கின்றன, எலைட், டாக்ஸ் இரண்டு நிறுவனங்களிலும் உண்டு. ஓரத்துக்குப் போனால் மேடு தட்டுப்படும், உங்களை மெதுவாக நடுவுக்குத் திருப்பும். தனியாகப் பழகுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். முன்னும் பின்னும் சற்று ஊசலாடும் சட்டங்களும் உண்டு, எழுந்து மிதிக்க அவை நல்லது.

கோயம்புத்தூர் மாதிரி பட்டறைகள் நிறைந்த ஊரில் இருந்தால் அலுமினியக் குழாயைக் கடைந்து, இரு முனையிலும் பேரிங் போட்டுச் செய்துகொள்வது சாத்தியமே. உருளை கொஞ்சமும் கோணாமல், எடை எல்லாப் பக்கமும் சமமாக இருக்க வேண்டும், அதற்கு நல்ல கைத்திறன் உள்ள கடைசல்காரர் வேண்டும். பி.வி.சி. குழாயில் செய்வதை மட்டும் நான் சொல்லமாட்டேன், பார்க்க வட்டமாக இருக்கும், சுழலும்போது அப்படி இருக்காது.

வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது.

அப்படியானால் கதவைத் தாழ் போட்டுவிட்டு ஓட்டுங்கள், ஓட்டியதும் ரோலரை மடித்து எட்டாத இடத்தில் நிறுத்துங்கள். சுழலும் உருளைக்கும் டயருக்கும் நடுவில் ஒரு சின்ன விரல் போனால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. "அவன் கிட்டே வரமாட்டான்" என்று சொல்லாதீர்கள், அந்தச் சத்தமே பிள்ளைகளை இழுக்கும்.

பராமரிப்பு ஏதாவது உண்டா?

உருளையில் கறுப்பாகப் படியும் ரப்பர் தூளை ஈரத்துணியால் துடைப்பது, டயரில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு ஏறுவது, பேரிங்கில் கரகரப்பு வந்தால் மாற்றுவது. முக்கியமானது பெல்ட். அது அறுந்தால் முன் சக்கரம் நின்றுபோகும், பின் சக்கரம் மட்டும் சுழலும், நின்ற சக்கரத்தைத் திருப்பினால் அது பக்கவாட்டில் நகராது, அதாவது சாய்வைச் சரிசெய்ய உங்களிடம் எதுவுமே இருக்காது, சில நொடிகளில் சாய்ந்துவிடுவீர்கள். எனக்கு ஒருமுறை நடந்தது, சுவர் பக்கம் சாய்ந்ததால் முழங்கை சிராய்ப்போடு போயிற்று. அதிலிருந்து மாதம் ஒருமுறை பெல்ட்டைக் கையில் எடுத்து, வளைத்து, வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கிறேன். வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே மாற்றிவிடுகிறேன், ஒரு உபரி பெல்ட்டை ரோலரின் சட்டத்திலேயே கட்டி வைத்திருக்கிறேன்.